வடிகட்டியும் எறாக் குழம்பும்

நீங்கள் எல்லாரும் சேர்ந்து புதிய தண்ணீர் வடிகட்டி வாங்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விற்க வருகிறவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிடுங்கள். மீதியையும் நம்பாதீர்கள். சைக்கிள் பயணம் கூட்டிப் போகிற தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான் என்று இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கிழவி வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டாள் என்பது கூப்பிட்ட உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நான் வேலை பார்த்த சைக்கிள் பயணக் கம்பெனியில் எனக்குச் 'சந்தேக அக்கா' என்று பெயர். மேல்பட்டாம்பாக்கத்து டெம்போ டிரைவர் தன் போனிலேயே அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் குணம் என் கூடவே பிறந்தது இல்லை. அங்கே சேர்வதற்கு முன் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். பலகையில் ரத்தம் என்று எழுதியிருந்தாலும் மழைக்காலம் வந்துவிட்டால் எங்களிடம் வந்து குவிவது சின்னச் சின்ன டப்பாவில் மலம்தான். ஊர் குடிக்கிற தண்ணீரின் யோக்கியதையை மைக்ராஸ்கோப் வழியாகப் பல வருஷம் பார்த்தவள் நான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரை யாராவது சிரித்த முகத்தோடு நீட்டினால், முதலில் அந்தச் சிரிப்பின் மேலேயே சந்தேகம் வரும்.

2005இல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். ஓனர் என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவர், சைக்கிள் பைத்தியம், நல்ல மனுஷன். பயணத்தில் சாப்பாடு, தண்ணீர், மருந்து மூன்றும் என் பொறுப்பு. அப்போதெல்லாம் தண்ணீரை கேனில் நிரப்பி டெம்போவில் கொண்டுபோவோம். ஓனருக்கு அது பிடிக்கவில்லை. கடலோரச் சவுக்குத் தோப்பு, கொள்ளிடக் கரை, முந்திரிக் காட்டு ஒற்றையடிப் பாதை என்று டெம்போ நுழைய முடியாத இடங்களில்தான் சைக்கிள் ஓட்டுவதில் சுகம் இருக்கிறது என்பார். அங்கே தண்ணீருக்கு என்ன செய்வது என்று நான் கேட்பேன். "ஃபில்டர் வாங்கிட்டா கெடைக்கிற எடத்துல புடிச்சுக் குடிக்கலாம்க்கா" என்பார். இப்படியே நாலு வருஷம் பேசிப் பேசி, கடைசியில் ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதியை வரவழைத்துவிட்டார்.

டை கட்டின இளைஞர். மேஜைமேல் மூன்று வகை வடிகட்டிகளைப் பரப்பினார். ஒன்று கையால் அடிக்கிற பம்ப். உள்ளே வீட்டு ஃபில்டரில் இருப்பதுபோல ஒரு சின்னக் கேண்டில். இன்னொன்று பை, அழுக்குத் தண்ணீரை நிரப்பி மரக்கிளையில் மாட்டிவிட்டால் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். மூன்றாவது ஒரு பாட்டில். அதன் மூடியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு குச்சி உள்ளே தொங்கியது. மூடியின் மேலே ரப்பர் மூக்கு. வாயை வைத்து உறிஞ்சினால் தண்ணீர் அந்தக் குச்சிக்குள் புகுந்து சுத்தமாகி வாய்க்கு வரும். பிறகு அவர் பையிலிருந்து ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரை எடுத்தார்.

"எங்க புடிச்ச தண்ணி இது?" என்று கேட்டேன்.

"வர்ற வழியில மேடம்."

"எந்த வழியில?"

அவர் ஓனரைப் பார்த்தார். ஓனர் சுவரைப் பார்த்தார். நான் டிரைவரை அனுப்பிக் கெடிலம் ஆற்றில் ஒரு குடம் மொண்டு வரச் சொன்னேன். விற்கிறவரே கொண்டு வருகிற அழுக்கை நம்பாதீர்கள், செம்மண்ணைக் கரைத்துவிட்டு ஆற்றுத் தண்ணீர் என்பார்கள். கெடிலத்துத் தண்ணீர் மேஜைக்கு வந்தபோது அந்த இளைஞரின் முகம் கொஞ்சம் வெளுத்தது. ஆனாலும் பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகி, உறிஞ்சிக் குடித்துக் காட்டினார். அந்தத் தைரியத்துக்கு நான் மனதுக்குள் ஒரு மார்க் போட்டேன். அடுத்து சமையல்கட்டிலிருந்து இரண்டு கைப்பிடி கல்லுப்பை அள்ளி வந்து குடத்தில் போட்டுக் கலக்கினேன்.

"இப்பக் குடிங்க."

பம்பில் அடித்தார். கண்ணாடி மாதிரி தெளிந்து வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உப்பு போகாது மேடம். இது கிருமிக்கு மட்டும்தான்."

"அத மொதல்லயே சொல்லியிருக்கணும்ல தம்பி."

இதை நீங்கள் மனதில் ஆணி அடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கையில் தூக்கிப் போகிற வடிகட்டி சேற்றையும் கிருமியையும் பிடிக்கும். தண்ணீரில் கரைந்துவிட்டதைப் பிடிக்காது. பிச்சாவரத்து உப்புக் கழித் தண்ணீரை எத்தனை முறை வடித்தாலும் அது கழித் தண்ணீர்தான். அதேபோல, ஆலைக் கழிவு கலக்கிற வாய்க்காலாக இருந்தால், எவ்வளவு தெளிந்து வந்தாலும் கைகூட நனைக்காதீர்கள். தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று நினைக்கிறவர்கள் மனுஷரையும் முகத்தைப் பார்த்தே எடை போட்டு ஏமாறுவார்கள்.

எனக்குப் பை பிடித்திருந்தது. பம்ப் கீழே விழுந்தால் கேண்டில் விரிசல் விடும், விரிசல் விட்டது வெளியே தெரியாது. பையில் அப்படி உடைய எதுவும் இல்லை, கலங்கலில் அடைத்துக்கொண்டாலும் திருப்பி அலசிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் இறங்கக் காத்திருக்க வேண்டும். ஓனருக்குக் காத்திருப்பது ஆகாது. பாட்டில் சைக்கிளில் இருக்கிற பாட்டில் ஸ்டாண்டில் கச்சிதமாக உட்கார்ந்ததும் அவர் மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கனமும் இருக்கக் கூடாது, நிற்கவும் கூடாது, சுத்தமான தண்ணீரும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வாஷர் தேய்ந்தால் எங்கே கிடைக்கும், குச்சி எத்தனை மாதம் வரும், காய்ந்து போனால் மறுபடி வேலை செய்யுமா என்று நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பணம் போடுகிறவர் அவர், பாட்டிலையே வாங்கினார்.

அந்தப் பாட்டில்களோடு நாங்கள் கூட்டிப் போன முதல் குழு பண்ருட்டிக்காரர்கள். முந்திரி வியாபாரம் செய்கிற குடும்பங்கள், எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமா, மச்சான், பங்காளி. குழுவுக்குப் பெரியவர் ராமலிங்கம். ஐம்பதைத் தாண்டியவர், பூச நாளில் வடலூருக்குப் போகத் தவறாதவர், மீன், முட்டை எதையும் தொடாதவர். அவர் மனைவியின் தம்பி பாபு, முப்பது வயதிருக்கும், மாமா இருக்கிற இடத்தில் குரலை உயர்த்த மாட்டான். ராமலிங்கத்தின் வயதையொத்த பங்காளி ஒருவர். மற்றவர்கள் எல்லாம் இளவட்டங்கள். முதல் நாள் கடலூரிலிருந்து கடற்கரையோரமாகவே பரங்கிப்பேட்டை, மறுநாள் கிள்ளை, பிச்சாவரம் வழியாகச் சிதம்பரம் என்று திட்டம். ஓனர் அவர்களோடு சைக்கிளில். நானும் டிரைவரும் சமையல்காரி செல்வியும் டெம்போவில், மெயின் ரோட்டில்.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் அவள் ஊர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அவள் வைக்கிற எறாக் குழம்புக்காகவே இரண்டாம் முறை வந்த குழுக்கள் உண்டு. "செல்வி வருதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நாள் குறிப்பார்கள். அவளுக்கு அந்தப் பேச்சில் ரொம்பப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், கரண்டியை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டுவாள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். எவ்வளவு சொன்னாலும் முன்னால் சாப்பிட மாட்டாள். வீட்டில் ஆக்கிப் போடுகிறவளுக்கு என்ன முறையோ அதுதான் இங்கேயும்.

முதல் நாள் ராத்திரி பரங்கிப்பேட்டையில் வாடகைக்கு எடுத்த வீட்டில் எறாக் குழம்பு. ராமலிங்கத்துக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல். எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். மறுநாள் பிச்சாவரத்தில் படகு ஏறும்போதே ராமலிங்கத்துக்கு முகம் சரியில்லை. சாயங்காலம் சிதம்பரம் மேல வீதி லாட்ஜுக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கும் பங்காளிக்கும் வாந்தி, பேதி. சற்று நேரத்தில் பாபுவும் படுத்துவிட்டான். பெரியவர்கள் இருவரையும் பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினோம். ராமலிங்கத்துக்கு நாடி இறங்கியிருக்கிறது, ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சாப்பாட்டிலும் வரலாம், தண்ணீரிலும் வரலாம் என்றார்.

தண்ணீர் என்ற வார்த்தை ஓனர் காதில் ஏறவே இல்லை.

"எறாதான்க்கா. வேற என்ன?"

"ராமலிங்கம் எறாவத் தொடவே இல்லயே தம்பி."

"அதே கரண்டியப் போட்டிருப்பா. எறா இல்லன்னா கை. அதே கைதான?"

லாட்ஜ் வராந்தாவில் அந்தப் பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. இளவட்டங்களில் ஒருவன், இந்தப் பொம்பளையை எங்கேயிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டான். இன்னொருவன் அவள் சாதியைச் சேர்த்துச் சொன்ன வார்த்தையை நான் இங்கே சொல்ல மாட்டேன். ஊருக்குப் போனதும் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லுவோம் என்றார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. செல்வி படிக்கட்டு ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தொழிலில் சமையல்காரிக்கு இருக்கிற ஒரே சொத்து அவள் கைக்கு இருக்கிற பெயர். அந்தக் கையில் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள் என்று கடலூரிலும் பண்ருட்டியிலும் பரவிவிட்டால், அப்புறம் அவளை எந்த அடுப்புக்கும் கூப்பிட மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் தவறு செய்வீர்கள். வேண்டியவளாயிற்றே என்று அவள் பக்கம் சாய்வீர்கள். பரிசோதனை நிலையத்தில் எனக்கு மேலே ஒரு டாக்டர் அம்மா இருந்தார். நான் ஆள் பார்த்து முடிவு கட்டும்போதெல்லாம், "சந்தேகம்னா பாயில உக்கார வச்ச மாதிரி எல்லாரையும் சமமா உக்கார வைக்கணும்டி. ஒருத்திய எழுப்பி விட்டுட்டா நீ ஆராய்ச்சி பண்ணல, பஞ்சாயத்து பண்ற" என்பார். அதை நினைத்துக்கொண்டு நான் செல்வியிடம் போனேன்.

"எறா எப்ப வாங்கின?"

"காலயிலதான்க்கா. ஐஸ்ல வச்சுதான் எடுத்தாந்தேன். நீயும் பாத்தியே."

"கத்தரிக்கா நறுக்குன கத்தி?"

"அது வேற, இது வேற. பெரியவருக்குச் செய்யறது மொதல்ல செஞ்சு மூடி வச்சுட்டுதான் எறாவையே தொட்டேன்."

"கை கழுவுனியா?"

அவள் என்னையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நீயும் என்னயச் சந்தேகப்படுறியாக்கா?"

"படுறேன். ஃபில்டர் வித்தவனப் படுறேன், ஓனரப் படுறேன், என்னயவே படுறேன். உன்ன மட்டும் தனியாப் படல."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதலாக இருக்கும் என்று நானும் நினைக்கவில்லை. அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்னா வெஷமா வச்சேன்?" என்று மட்டும் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் கீழே டெம்போவுக்குப் போனேன்.

வயதானவர்கள் வயிறு தாங்கவில்லை என்று சொல்லலாம் என்றால் பாபு இடித்தான். அவனுக்கு முப்பது வயதுதான். எறா என்று சொல்லலாம் என்றால் ராமலிங்கம் இடித்தார். கை என்று சொல்லலாம் என்றால் நான் இடித்தேன், டிரைவர் இடித்தார். நாங்களும் அதே கை ஆக்கியதைத்தான் சாப்பிட்டோம். மிஞ்சியது முதல் நாள் பகல். சவுக்குத் தோப்புக்குள் ஒரு குட்டையில் எல்லாருடைய பாட்டிலிலும் தண்ணீர் பிடித்ததாக ஓனர் சொல்லியிருந்தார். ஆடு, மாடு இறங்குகிற குட்டை. வடிகட்டி இருக்கிற தைரியத்தில் பிடித்தார்கள்.

நான் சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். "மேடம், சத்தியமா ஒரிஜினல்" என்றார். யாராவது சத்தியம் செய்தால் எனக்குச் சந்தேகம் இரண்டு பங்காகும். எல்லாப் பாட்டிலையும் டெம்போவின் பின்பலகையில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வாஷர் ஒழுங்காக இருந்தது. குச்சி இறுக்கமாக இருந்தது. போலி என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை, அதுவே எனக்குக் கோபமாக வந்தது. பிறகு ராமலிங்கத்தின் பாட்டிலைக் கையில் எடுத்தபோது, மேலே இருக்கிற ரப்பர் மூக்கைத் தொட்டேன். விரலுக்கு வழுக்கியது. தயாரித்த கம்பெனியில் ஒட்டி அனுப்புகிற மெல்லிய பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பாபுவின் பாட்டிலிலும் இருந்தது. பங்காளியுடையதிலும் இருந்தது. இளவட்டங்களின் பாட்டில்களில் உறை இல்லை; சிலதில் மூக்கு முழுக்கப் பல் தடம்.

உறையைப் பிரிக்காமல் உறிஞ்ச முடியாது. அப்படியென்றால் இந்த மூன்று பேரும் அந்தப் பாட்டிலிலிருந்து குடிக்கவே இல்லையா? ஆனால் பாட்டிலில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாபுவின் பாட்டிலை நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து ஆறின தண்ணீரை நிரப்பி, மூடியைத் திருகி எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். ஓனரையும் கூப்பிட்டுக்கொண்டேன். பாபுவுக்கு அதற்குள் வாந்தி நின்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கொஞ்சம் தண்ணி குடிங்க தம்பி" என்று பாட்டிலைக் கொடுத்தேன்.

வாங்கினான். மூடியைத் திருகினான். குச்சியோடு சேர்த்து மூடியைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக் குடித்தான். குடித்து முடித்ததும் மூடியை மறுபடி திருகி, பத்திரமாக ஓரத்தில் வைத்தான். ஓனர் வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"நேத்தும் இப்புடித்தான் குடிச்சீங்களா?"

"ஆமாக்கா. பின்ன எப்புடி? அதுல வாய வச்சு எச்சிப் பண்ணிட்டு மாமாகிட்ட எப்புடிக் குடுக்கறது? அவுரு தன் பாட்டில்லயே வாய் வைக்க மாட்டாரு. மூடியோட தூக்கிப் பாத்தோம், தண்ணி விழல. கழட்டிட்டோம்."

"அந்தக் குச்சி எதுக்குன்னு நெனச்சீங்க?"

"தண்ணியச் சுத்தம் பண்ணத்தான. அதான் உள்ளயே ஊறிக்கினு கெடக்குதே. பானைல வெட்டிவேர் போட்டு வைக்கற மாதிரி."

சிரிக்க வேண்டாம். பானைக்குள் வெட்டிவேரைப் போடுகிற ஊரில், கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையை உரைத்து விடுகிற ஊரில், தண்ணீருக்குள் ஒரு குச்சி கிடந்தால் அது அங்கே கிடந்தே வேலை செய்யும் என்று நினைப்பதில் என்ன தப்பு? கடலூரில் கிளம்பும்போது ஓனர் உறிஞ்சிக் காட்டினார், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தலை ஆட்டியவர்களில் யார் வாய் வைத்துக் குடிக்கிறவர், யார் தூக்கிக் குடிக்கிறவர் என்று யாரும் பார்க்கவில்லை. சென்னைக்காரரிடம் அத்தனை கேள்வி கேட்டோமே, நம் ஆட்கள் எப்படித் தண்ணீர் குடிப்பார்கள் என்ற கேள்வி மேஜைக்கு வரவே இல்லை. வடிகட்டியில் பழுது இல்லை, குழம்பில் பழுது இல்லை, மூன்று பேர் குட்டைத் தண்ணீரை அப்படியே குடித்திருந்தார்கள்.

ஓனர் என்னை வராந்தாவின் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, இது நமக்குள்ள இருக்கட்டும். நாமளே புடிச்சுக் குடுத்த தண்ணின்னு சொன்னா இனிமே யாரு நம்ம கூட வருவா? எறான்னு நெனச்சுட்டாங்க, அப்புடியே வுட்ருவோம். செல்விக்கு நான் ஏதாவது செஞ்சுடுறேன்."

அவர் கெட்டவர் இல்லை என்று முன்னாலேயே சொன்னேன். பயந்துவிட்டார். பயத்தில் மனுஷன் முதலில் தேடுவது, யார் தலையில் இறக்கி வைத்தால் திருப்பிப் பேச மாட்டார்கள் என்பதைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மா சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நான் போய்விட்டால் எறா எறாவாகவே நின்றுவிடும்.

"தம்பி, நாளைக்கு வேற குழு வந்தாலும் அந்தப் பாட்டில்ல இதே மாதிரிதான் குடிப்பாங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் போய்ப் பாபுவின் பாட்டிலை எடுத்து வந்தார். இளவட்டங்கள் உட்கார்ந்திருந்த அறையின் வாசலில் நின்று, பாட்டிலைக் கையில் தூக்கிக் காட்டி, தானேதான் சொன்னார். நன்றாகச் சொன்னார் என்று சொல்ல முடியாது. பாதியைத் தரையைப் பார்த்துச் சொன்னார். ஆனால் மூடி மறைக்கவில்லை. தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தது நான், எப்படிக் குடிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காததும் நான், அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். சாதியைச் சொல்லிப் பேசினவன் போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான். ஒருவரும் மன்னிப்பு கேட்கவில்லை. செல்வி கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

விடிந்ததும் ராமலிங்கத்துக்கு நாடி திரும்பியது. பாபு போய் அவர் கட்டிலருகே நின்று, "நான்தான் மாமா மூடியக் கழட்டிக் குடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறான். அவர் அவனைத் திட்டவில்லை. கஞ்சி ஏதாவது கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரிக் கேண்டீன் கஞ்சி வேண்டாம் என்றார்.

"நேத்து அந்தப் பொண்ணப் பத்தி என்னமோ பேசிக்கிட்டாங்களாம். அதக் கஞ்சி வச்சுத் தரச் சொல்லுங்கம்மா. அது கையாலதான் குடிப்பேன்."

அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். செல்வியிடம் சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. டெம்போவில் இருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்து, நொய்க் கஞ்சி வைத்து, தூக்கில் ஊற்றி அவளே கொண்டு வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று ஒரு டம்ளரில் ஊற்றினாள். அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. அண்ணாந்து அந்த டம்ளர் கஞ்சியைத் தன் வாயில் ஊற்றிக் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"நான் குடிச்சுட்டேன். இப்பக் குடிங்க."

ராமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பைக்கு மாறினோம். கிளையில் மாட்டினால் கீழே குழாய், குழாயில் பிடித்தால் டம்ளர், டம்ளரைத் தூக்கி அவரவர் பழக்கப்படி குடித்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது; காத்திருந்தார்கள், கதை பேசினார்கள், யாரும் செத்துப்போகவில்லை. உங்களிடம் வருகிற புதிய வடிகட்டி எதுவானாலும், கடைக்காரர் குடித்துக் காட்டுவதைப் பார்க்காதீர்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் நம் ஊர் ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அவர் கை சொல்லிவிடும்.

செல்வி வேலையை விடவில்லை. அடுத்த பயணத்துக்கும் வந்தாள், அதற்கடுத்ததற்கும் வந்தாள். அதே எறாக் குழம்பு, அதே ருசி. ஆனால் எல்லாரும் சாப்பிட்ட பிறகு உட்காருகிறவள், அந்தச் சிதம்பரத்துக்குப் பிறகு முதல் தட்டைத் தனக்குப் போட்டுக்கொண்டாள். இலைபோட்டு எல்லாரும் உட்கார்ந்ததும், அவர்கள் முன்னால் நின்றபடியே குழம்பு, பொரியல், ரசம் ஒவ்வொன்றிலும் ஒரு கவளம் சாப்பிடுவாள். தண்ணீர் குடிப்பாள். அதற்குப் பிறகுதான் பரிமாறுவாள். புதிய குழுக்கள் அதை ஏதோ எங்கள் கம்பெனி வழக்கம் என்று நினைத்தார்கள். வேண்டாம் செல்வி, உன்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்க்கா" என்பாள். அவ்வளவுதான். ஓனர் ஒருமுறை கண்கலங்கிக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் அதே பதில்தான்.

பாட்டில்மேல் எனக்கு வந்த சந்தேகம் ஒரு உறையைப் பார்த்ததும் தீர்ந்துபோயிற்று. பாட்டிலுக்கு அது ஞாபகம் இல்லை. கை கழுவினாயா என்று நான் கேட்டேனே, அதைக் கேட்டே ஆக வேண்டியிருந்தது, இன்றைக்கும் கேட்பேன். ஆனால் கேட்டதை அவளிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

2012இல் நான் வேலையிலிருந்து நின்றேன். கடைசியாகப் போனதும் இதே பாதைதான், பரங்கிப்பேட்டையில் அதே மாதிரி ஒரு வீடு. எல்லாரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். செல்வி வழக்கம்போல முதல் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் போய் நின்றாள். நானும் ஒரு தட்டை எடுத்து, குழம்பை நானே ஊற்றிக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் நின்று சாப்பிட்டேன்.